கவனக்குறைவுன்னு எழுதாதீங்க

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. சாரம் கட்டுகிற ஆட்களுக்கு அவன் பராக்கு. தோளில் இருபதடி இரும்புக் குழாய் இருக்கும், கண் தெருவில் போகிற லாரியில் இருக்கும். அதில் என்ன ஏற்றியிருக்கிறது, எங்கே போகிறது, கயிற்றை ஏன் அப்படிக் கோணலாக இழுத்துக் கட்டியிருக்கிறான் என்று லாரிக்குப் பின்னாலேயே மனசு கொஞ்ச தூரம் போய்விட்டு வரும். வருகிறவரைக்கும் குழாயின் மறுமுனையைப் பிடித்திருக்கிறவன் திட்டிக்கொண்டிருப்பான்.

மறுமுனையில் நிற்பது பெரும்பாலும் மச்சான். மனைவியின் அண்ணன். அதற்கும் முன்னால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சுக்காரன். "பழகின பாவத்துக்குத் தங்கச்சியையும் குடுத்தேன்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

நாலு மாதத்துக்கு முன்னால் மூன்றாம் மாடி உயரத்தில், குழாயோடு குழாயைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கிளாம்ப் வழுக்கியது. பலகை சரிந்தது. மச்சான் இடுப்பு பெல்ட்டில் தொங்கினான். உயிருக்கு ஒன்றுமில்லை. கணுக்கால் மட்டும் குழாயில் மோதி, பத்தொன்பது நாள் வீட்டில் கிடந்தான். கிளாம்ப் பழசு, மரை தேய்ந்துபோச்சு என்று மேஸ்திரி தீர்ப்புச் சொல்லி, ஒரு மூட்டை கிளாம்ப்பைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டார். மரை தேயவில்லை. அது பராக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அந்த நட்டைக் கையால் திருகிவிட்டு, ஸ்பானர் போடாமல் அடுத்ததுக்கு நகர்ந்தவன் அவன்தான்.

குடி அவனுக்கு ஏற்கெனவே உண்டு. இரண்டு மடக்கு உள்ளே போனால் மண்டைக்குள் ஓடுகிற நூறு வண்டியும் ஓரங்கட்டி நிற்கும். அந்த அமைதிக்காகக் குடித்தவன், கிளாம்ப்புக்குப் பிறகு அதை மறக்கவும் குடித்தான். காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. வாயும் காட்டிக்கொடுத்தது. மேஸ்திரி அவனைத் தரைக்கு இறக்கினார்.

"கீழேயே நின்னு பைப்பை எடுத்துக் குடு. இந்தக் கட்டடம் முடியுற வரைக்கும் ஆறு மாசம் ஓட்டலாம். அடுத்த எடத்துக்குத் தரையில நிக்கிற ஆளை நான் கூட்டிட்டுப் போக முடியாது, பார்த்துக்க."

டிரைவரை வண்டி கழுவ விட்ட மாதிரி இருந்தது. பதினெட்டு வருஷமாக ஏறிய கால்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். தரையைத் துடைக்கும்போதே சுவரையும் படிக்கிற பழக்கம் அவளுக்கு. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிற நோட்டீஸ் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படித்தான் மருந்துச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள்.

முதல் நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். அது கவனம் நிற்காதவர்களுக்கானது. "குடிப்பழக்கம் இருக்கா? அப்ப இதுல சேர்க்க முடியாதும்மா." இரண்டாவது, குடியை விடுகிறவர்களுக்கானது. "சின்ன வயசுலேர்ந்தே மனசு ஒரு எடத்துல நிக்காதா? அப்படிப்பட்டவங்க இதுல வர முடியாது. முடிவு குழம்பிடும்." ஒரு வீட்டில் சோறு இல்லை, இன்னொரு வீட்டில் இலை இல்லை என்கிற கதையாக அவள் நின்றாள். மூன்று வாரம் கழித்து எக்ஸ்ரே அறைக்கு எதிரே புதிதாக ஒன்று முளைத்திருந்தது. பெரிய எழுத்தில், 'இரண்டும் சேர்ந்து இருக்கிறதா?' கையில் துடைப்பத்தோடு அவள் அதை மூன்று தடவை படித்தாள். அடியில் வெட்டிவிட்டிருந்த நம்பர் சீட்டில் ஒன்றைக் கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவனை உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். முதல் இடம் ஏன் வேண்டாமென்றது, இரண்டாவது இடம் ஏன் வேண்டாமென்றது, மூன்றாவது இடத்துக்கு எப்படி ஆள் வேண்டும், எல்லாம். முதல் இரண்டை அவன் கேட்டான். மூன்றாவதைச் சொல்லும்போது மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்றது. எந்த இறக்கையில் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது."

அவனுக்குப் புரிந்தது இதுதான். குடி என்றால் ஓர் இடத்தில் தள்ளிவிட்டார்கள். பராக்கு என்றால் இன்னோர் இடத்தில் தள்ளிவிட்டார்கள். ஆகவே இரண்டையும் காட்டிக்கொள்ளக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கிற வாசலில் அவன் எத்தனை தடவை நின்றிருக்கிறான்! முதுகு வலியா, இல்லை. மயக்கமா, வந்ததே இல்லை. குடியா, வாசனைகூடத் தெரியாது. அப்படிச் சொல்கிறவனைத்தான் உள்ளே விடுவார்கள்.

போகிற நாளுக்கு முன்னால் மூன்று நாள் சொட்டுக்கூடத் தொடவில்லை. மச்சானின் நல்ல சட்டையை இரவல் வாங்கினான். மழை வரும்போல் இருந்ததால் மனைவியின் குடையையும் எடுத்துக்கொண்டான்.

ஆராய்ச்சி அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தைத் தாண்டி. ஒரு மேஜை, எடை பார்க்கிற மெஷின், பூட்டுப் போட்ட சின்ன ஃப்ரிட்ஜ், நாலு நிமிஷம் முந்தி ஓடுகிற கடிகாரம். உள்ளே இருந்த நர்ஸ் ஐம்பதை நெருங்கியவள். இடுப்பில் சாவிக்கொத்து. அவசரமே இல்லாத குரல்.

"சாமான்களை அடிக்கடி தொலைப்பீங்களா?"

"எதையும் தொலைச்சதே இல்லம்மா." சொல்லிவிட்டுக் குடையைத் தேடினான். குடை பஸ்ஸோடு போயிருந்தது.

"ஒரே எடத்துல உட்கார்ந்திருக்கக் கஷ்டமா இருக்குமா?"

"சேச்சே." ஃப்ரிட்ஜின் மேல் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டே சொன்னான்.

"வேலை செய்யுற எடத்துல கவனக்குறைவால ஏதாவது..."

"கவனக்குறைவெல்லாம் எங்கிட்ட கெடையாது." இதை மட்டும் வெடுக்கென்று சொன்னான். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிப்பீங்களா?"

"தொடுறதே இல்ல."

அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். முழங்காலில் வைத்திருந்த இரண்டு கையும் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. பேனாவை மூடி வைத்தாள்.

"சரிங்க. உங்களை எடுக்க முடியாது."

"ஏம்மா? எல்லாத்துக்கும் சரியாத்தானே சொன்னேன்?"

"ரொம்பச் சரியாச் சொல்லிட்டீங்க. அதான் சிக்கல். குடியும் கவனக் கோளாறும் சேர்ந்து இருக்கிறவங்களுக்குத்தான் இந்தச் சோதனை. உங்களுக்குத்தான் ரெண்டுமே இல்லையே. நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்." அவன் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினாள். "ஆனா ஒண்ணு. உங்களுக்குத் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் தினம் குடிக்கிறவரா இருந்து, நல்லா இருக்கோம்னு காட்டுறதுக்காகத் திடீர்னு நிறுத்தியிருந்தார்னா, அவரை உடனே பக்கத்து வார்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. வலிப்பு வரும். குடியை நிறுத்துறதுக்கும் ஒரு முறை இருக்கு. இன்னும் ஒண்ணு, ஒரு எடம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமையோட பட்டியலை மூடுறோம்."

பக்கத்து வார்டில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, மாலைவரை படுக்கவைத்துத்தான் விட்டார்கள்.

வீட்டில் மனைவி கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

"பந்திக்குப் போய் வயிறு நெறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. எங்க இருந்தீங்க அப்ப?"

"ஃபேன்ல."

"ஃபேன்ல! சரி, அதையாவது அங்க போய்ச் சொல்லுங்க. அந்த ஒண்ணே போதும், தூக்கி உள்ள போட்டுக்குவாங்க."

அவன் சிரிக்கவில்லை. "அது இல்லடி. அந்தம்மா கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. நோட்டீஸ்லயும் அதான் போட்டிருக்கு. எங்க கேட்டுல போர்டு தொங்குது தெரியுமா? 'தொழிலாளியின் கவனக்குறைவால் நேரும் விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அந்த வார்த்தை எழுதினா ஆள் காலி. எங்க வேலையில அது நோய் இல்ல, குத்தம். அதுக்குக் கீழ என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க."

"நீங்க என்ன குத்தம் பண்ணீங்க?"

அவன் மேலே பார்த்தான். மின்விசிறி டிக், டிக் என்றது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதுவும் கேட்காமல் நர்ஸுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை வரலாம். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று தெரிந்த ஓர் ஆளையும் கூட்டிவர வேண்டும். சின்ன வயதிலிருந்தே இருந்தால்தான் கவனக் கோளாறு என்று கணக்கில் எடுப்பார்களாம்.

அவனைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சாட்சி.

"இருக்கிற சோதனை போதாதுன்னு இது வேறயா?" என்றான் மச்சான். "நான் எதுக்கு?"

"நீ என்னைப் பத்தி உள்ளதைச் சொல்லணும்."

"அதுக்கு ஒரு நாள் பத்துமா?"

வெள்ளிக்கிழமை மூவரும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நர்ஸ் முதலில் பதினாலு பக்கப் படிவத்தை எடுத்தாள். கவனம் நிற்காதவனுக்குப் பதினாலு பக்கமா என்று மச்சான் முணுமுணுத்தான். அவள் படிக்கச் சொல்லவில்லை, பக்கம் பக்கமாகப் பேசினாள். பதினாறு வாரம். வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். ரத்தம், ஈ.சி.ஜி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

பராக்கு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "எனக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது. தெரிஞ்சா முகம் காட்டிக்குடுத்துடும். பெட்டி மேல நம்பர்தான் இருக்கும்."

"அப்ப யாருக்குத்தான் தெரியும், கடவுளுக்கா?"

"வேற ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்குற ஒரு அம்மாவுக்கு. அவங்க உங்க மூஞ்சியைப் பார்க்கவே மாட்டாங்க."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. "வெறும் மாத்திரை சாப்பிட்டு ஒருத்தனுக்குச் சரியாயிட்டா?"

"அதையும் எழுதுவோம்."

"மருந்து சாப்பிட்டும் சரியாகலன்னா?"

"அதையும்தான். இதை வைத்தியம்னு நெனச்சு வராதீங்க. இந்த மருந்து வேலை செய்யுதான்னு எங்களுக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்களைக் கேக்குறோம். இன்னொண்ணு, இந்தப் பதினாறு வாரமும் உயரத்துல ஏறக் கூடாது."

"அவனை ஏத்தினாத்தானே" என்றான் மச்சான்.

அப்புறம் சாட்சி விசாரணை. மச்சானுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் சாக்பீஸ் வாங்கிவரச் சொல்லி அனுப்பியவன், தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர்களைப் பார்த்து அங்கேயே நின்று, மத்தியானம் கைநிறைய களிமண்ணோடு வந்ததைச் சொன்னான். பரீட்சையில் கேள்வித்தாளின் பின்பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் பாதி எழுதிவிட்டு எழுந்து போனதைச் சொன்னான். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவனைக் காணோம் சிஸ்டர். போட்டோக்காரர் கேமராவைக் கழட்டி உள்ள பார்த்துட்டு இருந்தான்." நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினாள். குடியைப் பற்றிக் கேட்டபோது பராக்கு தானே சொன்னான், அளவு உட்பட, இம்முறை குறைக்காமல்.

நர்ஸ் ஒரு பக்கத்தைத் திருப்பி நிறுத்தினாள்.

"சின்ன வயசு சரி. வீடு சரி. வேலை செய்யுற எடம்னு ஒரு கட்டம் இருக்கு, அது காலியா இருக்கு. அது காலியா இருந்தா சேர்க்க முடியாது. போன தடவை இந்தக் கேள்விக்குத்தான் கோபப்பட்டீங்க." மச்சானை ஒரு பார்வை பார்த்தாள். "இவரை வெளிய உட்காரச் சொல்லட்டுமா?"

கடிகாரம் இன்னும் நாலு நிமிஷம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே துணி துவைக்கிற மெஷின் ஏதோ பொத்தானைச் சுழற்றிச் சுழற்றி அடித்தது. ஒரு பொத்தானா இரண்டா என்று காது எண்ணப் போனது. இழுத்துக்கொண்டு வந்தான். ஜென்மத்தில் அப்படி ஒரு பாரத்தை அவன் இழுத்ததில்லை.

"வேணாம், இருக்கட்டும்." கணுக்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான், மச்சானின் கணுக்காலை. "நாலு மாசம் முன்னாடி ஒரு கிளாம்ப் வழுக்கிச்சு. மரை தேயல. நல்ல கிளாம்ப்தான். கையால திருகிட்டு ஸ்பானர் போடாம போயிட்டேன். இவன்தான் தொங்கினான். யார்கிட்டயும் சொல்லல."

நர்ஸின் பேனா அசையவில்லை.

"கவனக்குறைவுன்னு எழுதாதீங்க" என்றான். "நடந்ததை அப்படியே எழுதுங்க. ஸ்பானர் போடலன்னு எழுதுங்க."

"அப்படியே எழுதுறேன். இந்தத் தாள் இந்த அறையை விட்டுப் போகாது. உங்க மேஸ்திரிக்கும் போகாது." எழுதி முடித்துவிட்டு மச்சானிடம் ஒரு தாளைத் தள்ளினாள். "நீங்களும் இதுல மார்க் போடணுங்க. ஒண்ணுமில்லைன்னா பூஜ்யம். எப்பவுமேன்னா மூணு."

மச்சான் பேனாவை வாங்கினான். முகத்தில் இருந்த கொண்டாட்டம் எல்லாம் துடைத்த மாதிரி போயிருந்தது. பதினெட்டு கேள்விக்கும் மேலிருந்து கீழே மூணு, மூணு, மூணு என்று போட்டுக்கொண்டே வந்தான். தாள் கிழிகிற அழுத்தம். கையெழுத்துப் போட்டான். எழுந்து, நொண்டாத காலை வேண்டுமென்றே நொண்டிக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு ஆறு நாள் அவன் பேசவில்லை. மேலிருந்து "பைப்பு" என்பான், "பலகை" என்பான். மச்சான் என்றோ, டேய் என்றோ ஒரு சொல் இல்லை. ஒரு காரியம் மட்டும் செய்தான். மேஸ்திரியிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பராக்கு அன்றைக்கே வெளியே. சொல்லாமல் இருந்ததுதான் பராக்குக்குத் தாங்கவில்லை. இரண்டு தடவை இவனே வலியப் போனான். இரண்டு தடவையும் மச்சான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரத்தம் சரி, ஈ.சி.ஜி. சரி, கல்லீரல் தாக்குப்பிடிக்கும். ஆளைச் சேர்த்தாயிற்று, பெட்டி வாங்கிக்கொள்ள வரலாம். முதல் தடவைக்குக் கூட ஒருத்தர் வர வேண்டும். மனைவிக்கு அந்த நேரம் வேலை.

"எங்கண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள்.

"வர மாட்டான்."

"கூப்பிடாம எப்படித் தெரியும்?"

மச்சான் வந்தான். வாயைத் திறக்காமல் பஸ்ஸில் வந்தான், வாயைத் திறக்காமல் அறை வாசலில் உட்கார்ந்தான். பராக்கு வெளியே வரும்போது கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை அட்டைப் பெட்டி. மேலே முப்பத்தேழு என்று ஓர் எண். வேறொன்றும் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. பராக்கு ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, வெயிலில் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். நகத்தால் சுரண்டப் போனான்.

"சுரண்டாத." பைப்பு, பலகை தவிர ஏழு நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல் அதுதான். "சுண்ணாம்பா மருந்தான்னு நகத்துக்குத் தெரியப் போகுதா?"

பராக்கு மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

இரண்டு பஸ் வந்து போனது. இரண்டும் அவர்களுடையது இல்லை. மச்சான் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும். நெஜத்தைச் சொல்லணும்."

"கேளு."

"அன்னிக்கு ஸ்பானர் போடாம அப்படி என்னத்தடா பார்த்த?"

இந்தக் கேள்வியை நர்ஸ் கேட்கவில்லை. பதினாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை. நாலு மாதமாகப் பராக்குக்குள் கிடந்தது, தானாக வந்துவிட்டது.

"எதிர்க் கட்டடத்துல நாலாவது மாடி. புதுசா குடி வர்றாங்கபோல. ரெண்டு பேர் ஒரு இரும்பு அலமாரியை ரூமுக்குள்ள தள்ளுறாங்க. போக மாட்டேங்குது. நிமிர்த்திப் பார்க்குறான், சாய்ச்சுப் பார்க்குறான். கதவு அகலம் பத்தல. ஒரு கோணத்துல திருப்பினா போயிடும்னு எனக்குத் தோணுச்சு. எந்தக் கோணம்னு பார்த்துட்டே அடுத்த கிளாம்ப்புக்கு வந்துட்டேன்."

மச்சான் தாடையைச் சொறிந்தான். வலது காலைத் தூக்கிக் கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். பராக்கு அடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"உள்ள போச்சா?"

"எது?"

"அலமாரிடா."

"தெரியல. அதுக்குள்ள நீ கத்திட்ட."

"ம்." மச்சானின் கை காற்றில் ஒரு பெட்டியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பியது. "திருப்பினாலும் போயிருக்காது. கதவைக் கழட்டியிருக்கணும். மொதல்ல கதவைக் கழட்டணும்."

"கழட்டாமலே போகும்டா மச்சான். அடியை மொதல்ல விட்டு..."

"எப்படிப் போகும்? நெலையில இடிக்கும்."

"இடிக்காது. இங்க பாரு." பராக்கு முப்பத்தேழாம் நம்பர் பெட்டியை அலமாரியாக்கினான். மச்சான் இரண்டு கையையும் நிமிர்த்திக் கதவாக நின்றான்.

அவர்களுடைய பஸ் வந்து, நின்று, போனது. இரண்டு பேருமே பார்க்கவில்லை.